குளத்தின் அடியிற் கிடக்கும் வயல்

மாரிக்காலத்து முதற் பெருமழை ஓய்ந்த மறுநாள் வன்னிநாட்டுக் குளமொன்றின் கட்டிலே நின்று நோக்குவோர்க்கு நீர் தெளிந்து தோன்றுவதில்லை. அது செம்மண் கரைந்த நிறத்திற் கலங்கி நிற்கும். சில கிழமைகள் சென்றபின் அதே இடத்தில் நின்று நோக்கினால் நீர் தெளிந்து, கரைமரங்களின் நிழலைக் காட்டும். கலங்கலாய் நின்ற பொருள் எங்கே சென்றது? அது ஆவியாகிப் போகவுமில்லை; துருசு வழியே முழுவதும் வயலுக்குப் பாய்ந்துவிடவுமில்லை. பெரும்பகுதி குளத்தின் அடியிற் படிந்துவிட்டது. ஆண்டுதோறும் இவ்வாறு படிந்த மண்ணே குளத்தின் தூர், வண்டல், அடையல் எனப் பல பெயர்களால் வழங்கப்படுகின்றது.

குளங்களின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் நீரின் வரலாற்றையே எழுதினர். எந்த மன்னன் கட்டினான், கட்டின் நீளம் எவ்வளவு, எத்தனை ஏக்கர் பாய்ந்தது என்பனவே அவர்கள் கேட்ட கேள்விகள். அக்குளங்களின் அடியில் நூற்றாண்டுக் கணக்காகச் சேர்ந்த மண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது காட்டின் மேற்றோலும், மேட்டுநிலத்தின் சாரமும் இடம்பெயர்ந்து வந்த வரலாறு. அம்மண்ணைத் தோண்டி எடுத்து மீண்டும் நிலத்தில் இடலாமா, இட்டால் நன்மையா தீமையா என்னும் கேள்விக்கு விடை காண மனிதர் செய்த முயற்சியும் அவ்வரலாற்றின் ஒரு பகுதியே. அம்முயற்சியின் இன்றைய வடிவம், குளத்து வண்டலின் இயல்புகளை இடம் இடமாக அளந்து வரைபடமாகத் தீட்டுதல் ஆகும்.

இலங்கையின் வரண்ட வலயத்தில் மழை ஆண்டு முழுவதும் பெய்வதில்லை. வடகீழ்ப் பருவக்காற்றின் சில மாதங்களிலே பெருமழை பெய்து, பின்னர் நெடுங்கோடை வந்துவிடுகின்றது. நிலத்தடிப் பாறையோ பெரும்பாலும் நீரை ஏற்காத பழம்பாறை. ஆதலால் பெய்த மழையைத் தேக்கி வைப்பதன்றிப் பயிர்செய்ய வேறு வழி இருக்கவில்லை. மகாசேனன் கட்டிய மின்னேரிக் குளமும், தாதுசேனன் கட்டிய கலாவாவியும், 12-ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு விரித்தமைத்த பராக்கிரம சமுத்திரமும் பெரும்புகழ் பெற்றவை. எனினும் நாட்டு மக்களைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கியவை ஆயிரக்கணக்கான சிறு கிராமக் குளங்களே. 13-ஆம் நூற்றாண்டிற் பொலன்னறுவை அரசு சாய்ந்தபின் பெருங்குளங்கள் பல உடைந்து காடாயின. அவ்வூழியிலும் சிறு குளங்களுட் பல ஊராரின் உழைப்பால் உயிர்வாழ்ந்தன.

இக்குளங்கள் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை அல்ல. ஒரு பள்ளத்தாக்கின் மேற்புறத்துக் குளத்தில் நிரம்பி வழியும் நீர் அடுத்த குளத்தையும், அதில் வழிவது அதற்கும் கீழுள்ள குளத்தையும் சேரும். சிங்கள வழக்கில் எல்லங்காவ எனப்படும் இத்தொடரமைப்பைப் பேராசிரியர் மத்தும பண்டார 1985-ஆம் ஆண்டில் ஆய்வுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். நீர் வரும் வழியே மண்ணும் வரும். மேற்குளம் மண்ணைத் தடுத்தால் கீழ்க்குளம் தப்பும். மேற்குளம் தூர்ந்தால் அதன் சுமை கீழ்க்குளத்தின் தலையில் விழும்.

பண்டைக் கிராமத்தார் இதனை நன்கு அறிந்திருந்தனர் என்பதற்குக் குளத்தைச் சூழ அவர்கள் வகுத்த நில ஏற்பாடே சான்று. அலைகரைக்கு மேலே கஸ்கொம்மன என்னும் மரச்சோலை நின்றது. அதனையடுத்துப் பெரஹன என்னும் புற்றரை விரிந்தது. பெரஹன என்னுஞ் சொல்லுக்கு வடிகட்டி என்பதே பொருள். ஓடிவரும் நீர் அப்புல்லினூடே நடை தளர்ந்து, தான் சுமந்த மண்ணை அங்கே போட்டுவிட்டுக் குளத்தை அடைந்தது. இஸ்வெட்டிய என்னும் சிறு மண்வரம்பு மேட்டுநிலத்து அரிப்பைத் தடுத்தது. கொடவள என்னும் பள்ளம் குளத்துக்கு மேலே அமைந்து, மண்ணைப் பிடித்து வைத்ததோடு காட்டு விலங்குகளுக்கு நீர்த்துறையாகவும் பயன்பட்டது. வண்டலைத் தோண்டி எடுப்பதிலும் வண்டல் வாராமற் காப்பதே எளிது என்ற அறிவு இவ்வேற்பாடுகளிற் பொதிந்திருந்தது.

பாக்குநீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டிலும் இதே கவலை நிலவியது. காஞ்சிக்கு அண்மையிலுள்ள உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-ஆம், 921-ஆம் ஆண்டுகளிற் பொறிக்கப்பட்ட கல்வெட்டுக்கள் குடவோலைத் தேர்தலுக்காக யாவராலும் போற்றப்படுகின்றன. அத்தேர்தலால் அமைந்த வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம் என்பதை நினைவிற் கொள்வோர் சிலரே. ஊராட்சியின் உயர்ந்த பொறுப்புக்களுள் ஏரியைக் காத்தலும் ஒன்றாக மதிக்கப்பட்டது. ஏரியிற் குழிகுத்தி மண் எடுத்துக் கரையில் இடுவதற்கெனப் பொன்னும் நிலமும் அறமாக வைக்கப்பட்டமையைப் பல்லவர், சோழர் காலத்துக் கல்வெட்டுக்கள் காட்டுகின்றன. கோயிலுக்கு விளக்கெரிக்கப் பொன் வைத்ததுபோலவே ஏரியின் மண் எடுக்கவும் பொன் வைத்தனர். இரண்டும் நாடோறும் அணையாமல் நடைபெற வேண்டிய பணிகள் என்பதே அவர்கள் கருத்துப்போலும்.

இப்பணி எவ்வாறு தளர்ந்தது? இலங்கையிற் குளவேலை, நிலம் உடையோர் அனைவரும் தத்தம் பங்குக்கு ஏற்பச் செய்யவேண்டிய கடமையாக இருந்தது. அரசுக்குச் செய்யும் இராசகாரிய உழைப்பும் அதனோடு இணைந்து நின்றது. கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரையைத் தொடர்ந்து 1832-ஆம் ஆண்டில் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய உழைப்பு ஒழிந்தது மனித உரிமைக்கு நன்மையே. ஆனால் அதன் இடத்தில் வேறு ஏற்பாடு எதுவும் உடனே வரவில்லை. கட்டிலே மண் போடாதவனைத் தட்டிக்கேட்க எவர்க்கும் அதிகாரம் இல்லாது போயிற்று. இக்குறையை உணர்ந்த தேசாதிபதி சேர் என்றி உவாட், பழைய நீர்ப்பாசன வழக்கங்களுக்குச் சட்ட வலிமை தரும் கட்டளைச் சட்டத்தை 1856-ஆம் ஆண்டில் நிறைவேற்றுவித்தார். சென்னை மாகாணத்திலும் குடிமராமத்து என்னும் ஊருழைப்பைத் தாங்க 1858-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. வழக்கம் வலுவோடு நடந்த காலத்திற் சட்டம் தேவைப்படவில்லை. சட்டம் வந்தபோது வழக்கம் பாதி தேய்ந்துவிட்டது.

1900-ஆம் ஆண்டில் இலங்கையில் நீர்ப்பாசனத் திணைக்களம் தோன்றியது. அதற்கு முன்னும் பின்னும் பொறியியலாளரும் நில அளவையாளரும் காடுகளுட் புகுந்து உடைந்த கட்டுக்களை அளந்தனர். பண்டைத் துருசுகளின் நுட்பத்தை என்றி பாக்கர் 1909-இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். ஆர். எல். புரோகியர் 1934-இலும் 1935-இலும் பண்டைய நீர்ப்பாசன வேலைகளைத் தொகுத்து எழுதினார். இவை அரிய தொண்டுகள். எனினும் அக்காலத்துப் பொறியியலாளரின் கணக்கிலே குளத்து மண் என்பது ஒரு நட்டம் மட்டுமே. இத்தனை கன அடி மண் சேர்ந்தது. ஆகவே இத்தனை கன அடி நீர் குறைந்தது என்று எழுதி அவர்கள் கணக்கை முடித்தனர். அந்த மண் எத்தகையது என்னும் கேள்வி அவர்களுடையதன்று. அது கமக்காரனுடைய கேள்வி. எவ்வளவு என்ற கேள்வியும் எத்தகையது என்ற கேள்வியும் நெடுங்காலம் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

அவை சந்திப்பதற்கு முதலில் மண்ணைப்பற்றிய அறிவியல் வளர வேண்டியிருந்தது. 1850-ஆம் ஆண்டளவில் ஆங்கில இரசாயனர் யோன் தோமஸ் உவே ஒரு சோதனை செய்தார். அமோனியாக் கரைசலை மண்ணூடே வடியவிட்டபோது மண் அமோனியாவைப் பற்றிக்கொண்டு, அதற்கு ஈடாகச் சுண்ணாம்பை வெளியே விட்டது. பயிருணவைப் பிடித்து வைத்துப் பின்னர்க் கொடுக்கும் ஆற்றல் மண்ணுக்கு உண்டென்பது அதனால் வெளிப்பட்டது. அவ்வாற்றல் களித்துகளிலும் சேதனப் பொருளிலுமே மிகுதியாக உள்ளது. மணலில் இல்லையென்றே சொல்லலாம். 1851-ஆம் ஆண்டில் ஸ்ரோக்ஸ் என்னும் அறிஞர், பாய்பொருளில் வீழும் சிறு கோளத்தின் வேகத்தைக் கணக்கிடும் விதியைக் கண்டார். 1883-ஆம் ஆண்டில் உருசிய அறிஞர் தொக்குச்சாயெவ், மண் என்பது உடைந்த பாறைத்தூள் மட்டுமன்று. காலநிலை, உயிரினம், தரைத்தோற்றம், காலம் ஆகியவை பாறையோடு கூடி ஆக்கும் தனிப்பொருள் என்று நிலைநாட்டினார். மண்ணை வகைப்படுத்தி வரைபடம் தீட்டும் கலைக்கு இவ்வறிவே அடிப்படையாயிற்று.

ஸ்ரோக்ஸ் விதி குளத்து வண்டலின் அமைப்பை விளக்கும் திறவுகோல். எமது நாட்டு வெப்பநிலையிலே அசையாத நீரில், 0.2 மில்லிமீற்றர் விட்டமுள்ள மணற்றுகள் ஒரு மீற்றர் ஆழத்தை ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடும். 0.02 மில்லிமீற்றர்த் துகளுக்கு அரை மணித்தியாலத்துக்குச் சற்று மேலே செல்லும். 0.002 மில்லிமீற்றர் அளவினதான களித்துகளோ அதே ஆழத்தைக் கடக்க இரண்டரை நாள் எடுக்கும். இக்கணக்கைக் குளத்தோடு பொருத்திப் பார்க்கலாம். ஓடைநீர் குளத்துள் நுழைந்து வேகந் தணியும் வாயிலிலேயே பருமணல் விழுந்துவிடும். நடுக்குளத்திலே நுண்மணலும் இடைத்தரத் துகள்களும் படியும். நெடுந்தூரம் மிதந்துசென்ற களியும் இலைமக்கும் கட்டுக்கு அண்மையில், ஆழ்ந்த நீரின் அடியிலே அமரும். ஆகவே ஒரே குளத்தின் ஒரு புறத்து மண் கட்டட வேலைக்கு ஏற்ற மணலாகவும், மறுபுறத்து மண் விரலில் ஒட்டும் கருங்களியாகவும் இருப்பது வியப்பன்று.

இன்னோர் உண்மையும் உண்டு. மழைநீர் மேட்டுநிலத்தை அரிக்கும்போது எல்லாத் துகளையும் ஒருசேர அள்ளிச் செல்வதில்லை. இலேசான சேதனப் பொருளும் நுண்ணிய களியுமே முதலிற் புறப்படுகின்றன. பயிருணவு தங்கியிருப்பதும் அவற்றிலேயே. ஆகையால் அரிப்புண்ட நிலம் இழப்பது தன் எடையிற் சிறு பங்காயினும், தன் வளத்திற் பெரும்பங்காகும். அவ்வளமே குளத்தின் ஆழத்திற் சேர்கின்றது. மேட்டுநிலத்துக் கமக்காரன் உரக்கடையில் விலைகொடுத்து வாங்கும் நைதரசனிலும் பொசுபரசிலும் ஒரு பங்கு அவனுடைய குளத்தின் அடியிலேயே கிடக்கின்றது.

இலங்கையின் மண்வகைகளை ஆராயும் பணியை 1930-களில் விவசாயத் திணைக்களத்து இரசாயனர் யோவாக்கிம் முறையாகத் தொடக்கினார். 1961-ஆம் ஆண்டில் மூர்மன், பானபொக்க என்னும் இருவரும் நாட்டின் மண்களைப் பெருந்தொகுதிகளாக வகுத்து வரைபடத்தோடு வெளியிட்டனர். வரண்ட வலயத்தின் மேட்டிலே செங்கபில மண்ணும், பள்ளத்திலே நீர்தங்கும் சாம்பல்நிற மண்ணும் அமைந்திருப்பதையும், யாழ்ப்பாணக் குடாநாட்டிற் சுண்ணாம்புக்கல்லின்மீது செம்மண் கிடப்பதையும், மன்னார் மாவட்டத்து முருங்கன் பகுதியில் வெடித்துப் பிளக்கும் கருங்களி பரந்திருப்பதையும் அவ்வகுப்பு தெளிவாகக் காட்டியது. ஆனால் நாட்டின் மண்வரைபடத்திற் குளங்கள் நீலப்புள்ளிகளாகவே நின்றன. நீருக்கு அடியிலும் மண் உண்டு; அதற்கும் வகை உண்டு என்பது அவ்வரைபடத்தின் வேலைக்கு அப்பாற்பட்டதாயிருந்தது.

நீரடி மண்ணை வரைபடமாக்குவது எவ்வாறு? கோடையிற் குளம் வற்றிய காலமே இதற்கு உகந்தது. இருபது எக்டயர்ப் பரப்புள்ள ஒரு குளத்தை எடுத்துக்கொள்வோம். ஐம்பது மீற்றருக்கு ஒரு புள்ளியாகச் சதுரக் கட்டங்கள் வகுத்தால் எண்பது புள்ளிகள் அமையும். ஒவ்வொரு புள்ளியிலும் குழாய்த் துளைகருவியை இறக்கி, பழைய குளத்தடி தட்டுப்படும்வரை மண் எடுக்கப்படுகின்றது. புதிய வண்டலுக்கும் பழைய அடிமண்ணுக்கும் நிறத்திலும் இறுக்கத்திலும் வேறுபாடு உண்டு; பயின்ற கை அதனை உடனே உணரும். இதனால் வண்டலின் தடிப்பு எங்கே எவ்வளவு என்பது முதலிற் புலப்படும். எடுத்த மண் மேல், நடு, கீழ் எனப் பிரிக்கப்பட்டுப் பைகளில் அடையாளமிட்டு ஆய்கூடத்துக்குச் செல்லும். நீர் வற்றாத பெருந்தேக்கங்களிற் படகில் நின்று இதனைச் செய்வர்; அங்கே ஒலியலையை அனுப்பி எதிரொலியால் ஆழத்தை அளப்பர்.

ஆய்கூடத்திற் செய்யப்படும் சோதனைகள் ஒவ்வொன்றும் கமக்காரனின் ஒரு கேள்விக்கு விடை. மணல், மண்டி, களி என்பவற்றின் வீதம் என்ன? 1927-இல் பூயூக்கோசு அமைத்த மிதவைமானி முறை இதனை ஒரு நாளுக்குள் சொல்லிவிடும். சேதனப் பொருள் எவ்வளவு? 1934-இல் உவாக்கிலி, பிளாக் என்னும் இருவர் வகுத்த முறை இன்றும் பல ஆய்கூடங்களில் வழங்குகின்றது. மண் புளிப்போ உவரோ? 1909-இல் சோரென்சன் வகுத்த பீ.எச். அளவு அதற்கு உரியது. பயிருணவைப் பிடித்துவைக்கும் ஆற்றல் என்ன? உவே கண்ட பண்டமாற்றுத் தத்துவம் அங்கே எண்ணாகின்றது. இவற்றோடு உப்பின் அளவும், சோடியத்தின் பங்கும், நகரக் கழிவு சேரும் குளமாயின் ஈயம், கட்மியம் போன்ற பாரவுலோகங்களும் அளக்கப்படும்.

எண்பது புள்ளிகளில் எண்கள் கிடைத்தன. இடையிலுள்ள நிலத்தைப்பற்றி என்ன சொல்வது? இதற்கு உதவியவர் மண்ணியலாளர் அல்லர்; தென்னாபிரிக்காவின் பொற்சுரங்கங்களில் உழைத்த பொறியியலாளர் கிரிகே. துளையிட்ட சில இடங்களின் பொன்னளவைக்கொண்டு இடையிலுள்ள பாறையின் பொன்னளவை மதிப்பிடும் வழியை அவர் 1951-இல் ஆராய்ந்தார். பிரெஞ்சு அறிஞர் மதெரோன் 1960-களில் அதனை முறையான கணிதமாக்கினார். அண்மையிலுள்ள இடங்கள் ஒத்திருக்கும். தூரம் கூடக்கூட ஒப்புமை குறையும். அக்குறைவு எவ்வளவு என்பதையும் அளக்கலாம் என்பதே அதன் சாரம். பொன் தேடப் பிறந்த அம்முறை இன்று குளத்தடியிற் களி தேடவும் பயன்படுகின்றது. இதனால் வரையப்படும் படத்திற் களி மிகுந்த பகுதி ஒரு நிறத்திலும், மணல் மிகுந்த பகுதி வேறொரு நிறத்திலும், எடுக்கக்கூடாத பகுதி இன்னொரு நிறத்திலும் தோன்றும்.

வண்டலின் வயதையும் அறிய வழியுண்டு. 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வானவெளியிலே வெடித்த அணுக்குண்டுகளின் தூள் உலகெங்கும் மழையோடு இறங்கியது. அதிலுள்ள சீசியம்-137 களித்துகளை இறுகப் பற்றிக்கொள்ளும். அதன் வீழ்ச்சி 1963-ஆம் ஆண்டளவில் உச்சத்தை அடைந்தது. வண்டற் படையில் அச்சுவடு மிகுந்த ஆழத்தைக் கண்டால், அதற்கு மேலே கிடப்பது அவ்வாண்டின் பின் சேர்ந்த மண் என அறியலாம். பேரழிவுக்கென ஆக்கிய படைக்கலம், குளம் தூர்ந்த வேகத்தைக் காட்டும் அடையாளமாக அமைந்தது காலத்தின் விந்தை.

இத்தனை முயற்சி எதற்காக என்று வினவலாம். தூரை அள்ளி வயலிற் கொட்டிவிட்டால் போதாதா? போதாது என்பதற்குக் காரணங்கள் பல.

முதலாவது, எல்லா நிலத்துக்கும் எல்லா வண்டலும் பொருந்தாது. நீரைப் பிடித்துவைக்க மாட்டாத மணற்பாங்கான மேட்டுநிலத்திற் களிவண்டல் இடுவது நோயாளிக்கு மருந்து கொடுப்பதை ஒக்கும். முருங்கன் கருங்களி வயலில் அதே களியை இடுவது வயிறு நிரம்பியவனுக்கு மீண்டும் சோறிடுவதாகும். குளவாயிலின் மணலை வளமான வயலிற் பரப்பினாலோ நிலம் கெட்டே போகும். ஓர் ஏக்கரில் ஒரு சென்ரிமீற்றர் தடிப்புக்கு மண் பரப்புவதற்கு ஏறத்தாழ நாற்பது கன மீற்றர் தேவை. அஃது உழவு இயந்திரப் பெட்டியிற் பதின்மூன்று பதினான்கு சுமையாகும். அத்தனை கூலியும் எரிபொருளும் செலவிட்டபின் தான் கொணர்ந்தது மணல் என்று ஒரு கமக்காரன் அறிவானாயின், அவனுடைய இழப்பை யார் ஈடுசெய்வர்?

இரண்டாவது, நீரடியிற் கிடந்த மண் காற்றுப்பட்டதும் குணம் மாறும். நீண்டகாலம் வளியின்றிக் கிடந்த சேற்றிற் கந்தகச் சேர்வைகள் இருக்குமாயின் அவை ஒட்சியேற்றம் அடைந்து மண்ணைப் புளிக்கச் செய்யும். புதிய சேறு உலரும்போது கட்டியாகி இறுகும். ஆகவே அதனைச் சில காலம் குவித்து வெயிலும் மழையும் படவிட்டுப் பின்னரே இடுதல் நன்று. கோடையில் வண்டல் இழுத்து, மாரி உழவின்போது மண்ணோடு கலக்கும் பழைய வழக்கம் இவ்வுண்மையோடு முற்றும் இசைந்தது.

மூன்றாவது காரணமே எல்லாவற்றிலும் பாரதூரமானது. குளத்தின் அடியில் நெடுங்காலம் இறுகிய களிப்படையே நீரைத் தாங்கும் தட்டு. வண்டல் வேண்டுமென்ற ஆசையாலோ, செங்கல்லுக்கு மண் வேண்டுமென்ற ஆசையாலோ எல்லையின்றி ஆழத் தோண்டினால் அத்தட்டு உடையும். அடியிலுள்ள பருக்கையோ உக்கிய பாறையோ வெளிப்பட்டு நீர் கசிந்து மறையும். குளத்தை ஆழமாக்க முனைந்தவர்கள் குளத்தை இழப்பர். கட்டின் அடிவாரத்தை ஒட்டித் தோண்டினால் கட்டே சரியவும் கூடும். எங்கே எவ்வளவு ஆழம் தோண்டலாம் என்பதை வரைபடமின்றிச் சொல்லத் துணிவது கண்ணைக் கட்டிக்கொண்டு அறுவை செய்வதற்கு நிகர்.

இக்காலத்தில் இந்தியாவிலே வண்டல் அகற்றும் பெரு முயற்சிகள் சில நடந்தன. தெலுங்கானா மாநிலம் 2015-ஆம் ஆண்டில் மிஷன் காகதீய என்னும் திட்டத்தைத் தொடக்கி, ஏறத்தாழ 46,000 குளங்களைப் புதுப்பிக்க முனைந்தது. எடுத்த வண்டலைக் கமக்காரர் தம் வண்டிகளில் ஏற்றிச் சென்று நிலங்களில் இட்டனர். மகாராட்டிரத்தில் அணையின் வண்டலை வயலுக்குச் சேர்க்கும் திட்டமும், தமிழ்நாட்டிற் குடிமராமத்து என்ற பழைய பெயரோடு புதிய திட்டமும் 2017-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தன. ஏரி வண்டலை உழவர் விலையின்றி எடுக்கவும் தமிழ்நாட்டு அரசு அவ்வாண்டில் இசைவு தந்தது. ஐதராபாத்துக்கு அண்மையிலுள்ள பன்னாட்டுப் பயிராராய்ச்சி நிலையத்து அறிஞர் குளத்து வண்டலின் பயிருணவை அளந்து, அதனை நிலத்துக்கு மீட்டல் பயன்தரும் எனக் காட்டியிருந்தனர்.

பெருந்தேக்கங்களின் நிலை வேறு. மகாவலி கங்கைக்குக் குறுக்கே கண்டிக்கு அண்மையிற் பொல்கொல்லையில் அமைந்த தேக்கம் 1976-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அதன் கொள்ளளவில் நாற்பது வீதத்துக்கு மேல் வண்டலால் நிரம்பிவிட்டது என்று கணிக்கப்பட்டது. மலைச்சரிவுகளிலே காப்பின்றிச் செய்த மரக்கறி, புகையிலைச் செய்கைகளே இதற்குப் பெருங்காரணமாகக் கூறப்பட்டன. எகிப்து நாட்டில் 1970-ஆம் ஆண்டில் முற்றுப்பெற்ற அஸ்வான் உயரணையோ, ஆயிரமாயிரம் ஆண்டுகளாக நைல் நதி வயல்களிற் பரப்பிய வண்டலைத் தன்னுள்ளே நிறுத்திக்கொண்டது. வெள்ளம் கொடையாகத் தந்த வளத்தை அந்நாட்டு உழவர் உரமாக வாங்கவேண்டி வந்தது. தேக்கம் எதுவாயினும், மண்ணைத் தடுப்பது அதன் இயல்பு. தடுத்த மண்ணை என்ன செய்வது என்பதைத் தேக்கம் கட்டும் நாளிலேயே எண்ணுதல் வேண்டும்.

வன்னிக்கும் கீழ்மாகாணத்துக்கும் இக்கேள்வி இன்னும் நெருக்கமானது. 1983 முதல் 2009 வரை நீடித்த போரின் ஆண்டுகளிற் பல சிறு குளங்கள் பார்ப்பாரற்றுக் கிடந்தன. மக்கள் இடம்பெயர்ந்தனர், கட்டுக்களிற் பற்றை மண்டியது, மண் மட்டும் ஆண்டுதோறும் தவறாது வந்து சேர்ந்தது. மீண்டு வந்த குடிகள் குளம் திருத்தப் புகுந்தபோது, முன்னே நீர் நின்ற இடத்தில் மேடு நின்றது. எங்கே களி, எங்கே மணல், பழைய அடி எங்கே என்று அறிந்திருந்த முதியோருட் பலர் அப்போது இல்லை. எழுதப்படாத வரைபடம் அதனை மனத்திற் கொண்டிருந்தவரோடு மறைந்துவிடும். ஆதலின் இக்காலத்துக்கு எழுதிய வரைபடம் ஆடம்பரமன்று. அறுந்த நினைவை மீண்டும் முடிச்சிடும் கயிறு.

குளம் முழுவதையும் தூர்வாருதல் பெருஞ்செலவு. அகற்றிய நீர்க்கொள்ளளவுக்கு அச்செலவு ஈடாகாது என்று கருதுவோரும் உளர். அதனால் ஆய்வாளர் சிலர் பகுதித் தூர்வாரல் என்னும் வழியை முன்வைத்துள்ளனர். கட்டுக்கு அண்மையிலுள்ள ஆழப்பகுதியை மட்டும், அடித்தட்டு உடையாத அளவில் ஆழமாக்கி, எடுத்த மண்ணை ஆழங்குறைந்த அலைகரையிற் படியவைத்தல் வேண்டும் என்பர். நீர்ப்பரப்புச் சுருங்கி ஆழம் மிகுவதால் வெயிலில் ஆவியாகும் நீரும் குறையும். நல்ல களிவண்டல் கமக்காரனின் மேட்டுநிலத்துக்கும், மணல் கட்டட வேலைக்கும், இடைத்தர மண் கட்டைத் திருத்தவும் செல்லலாம். ஒவ்வொன்றையும் அதற்குரிய இடத்துக்கு அனுப்ப வழிகாட்டுவது அந்நிறம் தீட்டிய படமே.

படம் வரைந்தவுடன் பணி முடிந்துவிடாது. மேலே காடு வெட்டப்பட்டு, புற்றரை உழப்பட்டு, கொடவள தூர்ந்து கிடக்குமாயின், இன்று எடுத்த மண்ணின் இடத்தைச் சில மாரிகளில் வேறு மண் வந்து நிரப்பும். பண்டைக் கிராமத்தார் மரத்தையும் புல்லையும் பள்ளத்தையும் காத்தது இதனை அறிந்தே. உத்தரமேரூர்ச் சபையார் ஏரிக்கென ஒரு வாரியத்தை ஆண்டுதோறும் தெரிந்தெடுத்ததும் இதனை அறிந்தே. அவர்களிடம் மிதவைமானியும் இல்லை. ஒலியலைக் கருவியும் இல்லை. குளத்து மண் தம் கண்காணிப்புக்கு உரியது என்ற எண்ணம் இருந்தது.

அடுத்த கோடையிற் குளம் வற்றி அடி வெடிக்கும்போது, அவ்வெடிப்புக்களினூடே தெரிவது வெறும் சேறன்று. மேட்டிலிருந்து கழுவுண்டு வந்த பல தலைமுறைகளின் வயல் அங்கே கிடக்கின்றது. அதனை அளந்தறிந்து, அளவோடு எடுத்து, உரிய நிலத்துக்குத் திருப்பிச் சேர்ப்பது அக்குளத்து நீரைக் குடித்து வாழும் ஊரின் கடன்.